பூட்டிய கதவும் எட்டாத ஏணியும்

1911 மார்ச் 25, நியூயார்க், டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை. தீ விபத்தில் 146 பேர் பலி, பெரும்பாலும் குடியேறிய இளம்பெண்கள். 'தீப்பிடிக்காத' கட்டடமாம்! கட்டடம் நின்றது, எரிந்தது உள்ளே குவிந்திருந்த துணி.

8வது தளத்தில் வெட்டுமேசைக்கு அடியில், கழிவுத்துணித் தொட்டியில் தீ. 10வது தளத்துக்குப் போன் போனது, 9வதுக்குத் தகவலே இல்லை. அங்கே ஒரு படிக்கட்டுக் கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள், திருட்டைத் தடுக்க. வெளியே இருந்த இரும்புப் படி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு ஏணி எட்டியது 6வது தளம் வரைதான். குதித்தவர்கள் விழுந்த வேகத்தில் வலைகள் கிழிந்தன.

முதலாளிகள் இருவரும் விடுதலை: கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது நிரூபணமாகவில்லையாம். தெருவில் நின்று பார்த்த பிரான்சஸ் பெர்கின்ஸ் 1933இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அமைச்சரானார்.