சிறிய மில்லிங் இயந்திரத்துக்குத் துருத்தி உறை: பின்புற ஸ்லைடு வரை

மேசைமேல் வைத்து இயக்கும் என் சிறிய மில்லிங் இயந்திரத்தில் (சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் சீவும் இயந்திரம்), சேடிலுக்கும் (மேசையைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்புறத் தூணுக்கும் இடையே உள்ள டவ்டெயில் ஸ்லைடு (சேடில் சறுக்கி நகரும் வழித்தடம்) மூடியே இல்லாமல் இருந்தது. வெட்டும்போது தெறிக்கும் சீவல்களில் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது. அவற்றிலும் வார்ப்பிரும்புத் தூள் மோசமானது. எண்ணெயோடு கலந்து சேடிலுக்கு அடியில் புகுந்துவிட்டால், அது தேய்ப்புப் பசைபோலச் செயல்பட்டு ஸ்லைடை அரிக்கத் தொடங்கும். ரப்பர் ஷீட் ஒன்றைத் தொங்கவிடுவது எளிய வழிதான் என்றாலும், சேடில் பின்னால் வரும்போது அது சுருண்டு இடையில் சிக்குகிறது. ஆகவே மேற்புறத்தையும் இரு பக்கங்களையும் மூடி, அடிப்பக்கத்தைத் திறந்துவிடும், விசிறிபோல மடிந்து விரியும் துருத்தி உறையைச் செய்யத் தொடங்கினேன். அடி திறந்திருப்பதால் உள்ளே காற்று அடைபடுவதில்லை.

துருத்தியில் மூலையைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக அமைந்துவிடுகின்றன. ஒரே தட்டைத் துணியிலிருந்து மடிக்கும்போது, மேற்புறத்தில் மேடாக நிற்கும் மடிப்புக் கோடு, மூலையைத் தாண்டியதும் பக்கச் சுவரில் பள்ளமாக மாறுகிறது; பழைய மடக்குக் கேமராக்களின் துருத்தியும் இப்படித்தான் மடிகிறது. செங்கோண மூலை வேண்டுமானால், துணி தொய்யாமலிருக்க உட்புறத்தில் ஒட்டும் விறைப்புப் பட்டைகளின் முனைகளை 45 பாகையில் சாய்த்துச் சரிவகமாக வெட்ட வேண்டும். மடிப்புக் கோடுகளுக்கு இடையே 15 மி.மீ. வைத்தேன், அதனால் மேற்புறப் பட்டை ஒவ்வொன்றிலும் நீண்ட விளிம்பு குறுகிய விளிம்பைவிட ஏறத்தாழ 30 மி.மீ. அதிகம். அடுத்தடுத்த பட்டைகளில் நீண்ட விளிம்பு நீண்ட விளிம்பையும், குறுகியது குறுகியதையும் பார்த்து நிற்கும்.

சுருங்கிய நிலையில் மூலையில் ஒவ்வொரு பட்டையும் தன்மேலேயே திரும்பிப் படிகிறது. எனவே இரண்டு பட்டைகள் கொண்ட ஒரு மடிப்புக்கு அங்கே நான்கு அடுக்குகள் சேர்கின்றன. உறையின் சுருங்கிய தடிமனை நிர்ணயிப்பது இந்த மூலைதான். துணி, விறைப்புத் தாள், பசை மூன்றும் சேர்ந்து 0.5 மி.மீ. என்றால், ஒரு மடிப்புக்கு 2 மி.மீ. ஆகிறது. எனக்குத் தேவையான நகர்வு 120 மி.மீ.; ஏழு மடிப்புகள் வைத்தால் சுருங்கியபோது 14 மி.மீ., விரிந்தபோது 134 மி.மீ. அதாவது முழுதாக விரிந்த நிலையிலும் ஒரு மடிப்பு, தன் 30 மி.மீ. துணியில் 19 மி.மீ. அளவுக்கே நீள்கிறது. அதற்கு மேல் இழுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: மடிப்பு விரிய விரிய மூலைக் கோணமும் விரிகிறது. கணக்குப்படி, 19 மி.மீ. நிலையிலேயே 90 பாகை 105 பாகையாகிப் பக்கச் சுவர்கள் வெளியே சாய்கின்றன. நடைமுறையில் இரு முனைச் சட்டங்களும் துணியின் நெகிழ்வும் இந்தச் சாய்வில் கொஞ்சத்தை அடக்கிவிடுகின்றன. மடிப்பை 20 மி.மீ. ஆழமாக்கினால் ஐந்து மடிப்புகளே போதும், சுருங்கிய தடிமனும் 10 மி.மீ. ஆகக் குறையும், ஆனால் மேசையின் அடிப்பக்கத்தில் உரசாமல் இருக்க அவ்வளவு உயரம் என் இயந்திரத்தில் இல்லை.

உறைக்கான துணிகளில், இந்தக் கணக்கைப் போட்டதுமே ரெக்சின் (செயற்கைத் தோல்) விலகிவிட்டது. ஒரு மி.மீ. தடிமனுள்ள ரெக்சினில் இதே உறை 35 மி.மீ. வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். குடைத்துணி மெல்லியதுதான், ஆனால் எண்ணெய் ஊறிவிடுகிறது. பை தைப்பவர்கள் பயன்படுத்தும், ஒருபக்கம் பாலியூரித்தேன் பூசிய நைலான் துணியே பொருந்தியது. விறைப்புக்குக் கோப்பு உறைகளின் பாலிப்ரொப்பிலீன் தாளை எடுப்பவர்கள் உண்டு. அதில் சாதாரண ரப்பர் பசை நிலைப்பதில்லை, விரலால் நெம்பினாலே பட்டை உரிந்து வருகிறது. 0.25 மி.மீ. பாலியெஸ்டர் தாளை மணற்காகிதத்தால் லேசாகத் தேய்த்து ஒட்டியபோது நன்றாகப் பிடித்தது.

பட்டைகளை 14 மி.மீ. அகலத்தில் வெட்டி, இடையே ஒரு மி.மீ. விட்டுத் துணியின் உட்புறத்தில் ஒட்டினேன். மடிப்புக்குக் கீல் அந்த இடைவெளிதான். ரப்பர் பசையை இரு பரப்புகளிலும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தபின் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாகச் சேர்த்தால் பட்டை நழுவுகிறது. மடிப்பதில்தான் பொறுமை தேவைப்படுகிறது. மேற்புறக் கோடுகளை முழுவதும் மடித்துவிட்டுப் பக்கங்களுக்கு வரலாம் என்றால் மூலைகள் முரண்டு பிடிக்கும்; ஒரு முனையிலிருந்து மேலும் பக்கமும் ஒன்றாக, சிறிது சிறிதாகக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். பிறகு முழுவதையும் சுருக்கி, இரண்டு பலகைகளுக்கு இடையே ஓர் இரவு அழுத்தி வைத்தேன்.

முனைகளுக்கு 3 மி.மீ. அலுமினியப் பட்டையில் சட்டம் செய்து, எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) திருகுகளால் சேடிலிலும் தூணிலும் பொருத்தினேன். காந்தம் வைத்தால் கழற்றுவது எளிதுதான். ஆனால் எஃகுச் சீவல்களையும் அதுவே சேர்த்துக்கொள்ளும் என்பதால் அதை விட்டுவிட்டேன். சேடில் முழுதாகப் பின்னால் வந்தபோதும் அங்கே 24 மி.மீ. இடைவெளி இருப்பதால், உறையும் இரு சட்டங்களும் சேர்ந்த 20 மி.மீ. அதற்குள் அடங்கிவிட்டது; நகர்வில் இழப்பில்லை.

இந்த உறை அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் போதும். எஃகில் கொஞ்சம் ஆழமாக வெட்டினால் நிலைமை வேறு: நீலம் பாய்ந்த எஃகுச் சீவல் ஏறத்தாழ 300 °செ. வெப்பத்தைத் தொட்டிருக்கும், நைலான் 6 சுமார் 220 °செ.-யிலேயே உருகிவிடும். அதற்காக, சேடிலின் பின்விளிம்பிலிருந்து முதல் இரண்டு மடிப்புகளின்மேல் நீளும் மெல்லிய தகரத் தட்டு ஒன்றை வெட்டிவருகிறேன். முன்பக்க ஸ்லைடுக்கான உறையில் தகரம் தேவைப்படாது. அங்கே சேடிலை நகர்த்தும் திருகின் கைப்பிடித் தாங்கி குறுக்கே நிற்பதால், மேற்புறப் பட்டைகளின் அகலத்தைத்தான் மறுபடி அளக்க வேண்டியிருக்கிறது.