தளத்தை முடக்கினால் முதலில் தாளைக் கேளுங்கள்

செய்தித் தளம் திடீரெனத் திறக்கவில்லை என்றதும் டெஸ்க்கில் எழும் முதல் குரல் "கவர்மென்ட் முடக்கிட்டாங்க!" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். டொமைனை, அதாவது தளத்தின் பெயர்ப் பதிவை, புதுப்பிக்க மறந்திருக்கலாம்; பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே திறந்து இங்கே திறக்காவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து ஜியோ, ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல், உள்ளூர் கேபிள் இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் மட்டும் சிக்கல் என்றால் அது அவர்களுடைய கோளாறாகவும் இருக்கலாம். தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். போனில் அதை 1.1.1.1 என்ற பொதுச் சேவைக்கு மாற்றியதும் தளம் திறந்தால், இணையச் சேவை நிறுவனம் தன் முகவரிப் பட்டியலில் கை வைத்திருக்கிறது. மாற்றியும் இணைப்பு பாதியில் அறுந்தால், உங்கள் டொமைன் பெயரைப் பார்த்தே வெட்டுகிறார்கள். ஊனி ப்ரோப் (OONI Probe) என்ற இணையத் தடை கண்டறியும் செயலி இந்தச் சோதனையைத் தானே செய்து, முடிவைத் தேதியோடு பொதுவெளியில் பதிந்துவிடும். பின்னால் மிகவும் உதவும்.

ஆதாரம் சேர்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாசகர்கள் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டுகள் வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும், மூலக் கோப்பின் விவரங்கள் அழிந்துபோகும். படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். முழுத் திரை, முகவரிப் பட்டை, நேரம், நெட்வொர்க் பெயர் எல்லாம் தெரிய வேண்டும். கோப்பு கைக்கு வந்ததும் ஷா-256 ஹாஷ் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) எடுத்து, ஊர், நேரம், நிறுவனம், திரையில் வந்த வாசகம் ஆகியவற்றோடு எக்செல்லில் ஏற்றிவிடுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழில் ஹாஷ் எண்ணுக்கென்றே இடம் இருக்கிறது. 'அ' பகுதியில் ஆதாரத்தைத் தாக்கல் செய்யும் தரப்பினரும் 'ஆ' பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அந்த நிபுணரை வழக்குப் போடும் அன்று தேடி ஓடாதீர்கள்.

இனி தாள், அதாவது முடக்க உத்தரவு. முடக்கத்துக்கு அதிகாரம் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அவதூறு அந்தப் பட்டியலில் இல்லை. 'தலைவரைக் கேலி செய்துவிட்டார்கள்' என்பதும் இல்லை. செய்தித் தளம் என்றால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி விஷயம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் துறைகளுக்கிடையிலான குழுவுக்குப் போகும். அவசரம் என்று சொல்லி முதலில் முடக்கிவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கவும் விதியில் வழி இருக்கிறது. நோட்டீஸ் வரும் முன்பே தளம் போய்விடுவது இதனால்தான்.

உத்தரவு நகல், காரணம், விசாரணைக்கு வாய்ப்பு மூன்றையும் கேட்டு அமைச்சகத்துக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிவுத் தபாலும் போடுங்கள். இணையச் சேவை நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். 2009 முடக்க விதிகளின் 16-வது விதியைக் காட்டி 'ரகசியம்' என்பார்கள். அந்தப் பதிலே உங்களுக்கு ஆவணம். பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுவதும் அப்படித்தான். பதில் கிடைக்காது, கேட்டதற்குச் சான்று கிடைக்கும். ஆனால் அந்த 30 நாள் முடியட்டும் என்று கோர்ட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்காதீர்கள்.

1987-ல் ஆனந்த விகடன் ஆசிரியரை அட்டைப்பட ஜோக்குக்காகச் சிறைக்கு அனுப்பிய தமிழக சட்டமன்றமாவது அதை அவையில் எல்லோரும் பார்க்கச் செய்தது. இப்போது தண்டனை தெரிகிறது, தீர்ப்பு தெரிவதில்லை.

நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியது 2015 மார்ச் 24 அன்று வந்த உச்ச நீதிமன்றத்தின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு. அது 69ஏ பிரிவைச் செல்லும் என்றே சொன்னது. ஆனால் காரணங்கள் எழுத்தில் பதியப்பட வேண்டும், அப்போதுதான் அரசியல் சாசனத்தின் 226-வது ஷரத்தின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அவற்றை எதிர்க்க முடியும் என்றும் சொன்னது. காரணத்தை எழுதிவிட்டு நம்மிடம் காட்டாவிட்டால் எழுதியதற்கு அர்த்தம் இல்லை என்று வாதாட இதுதான் பிடி.

கையில் உத்தரவு இல்லாமல் ரிட் போட்டால் நீதிமன்றப் பதிவகம் பேப்பரை 'ரிட்டர்ன்' செய்துவிடும். ஆகவே, எதிர்க்கப்படும் உத்தரவின் நகலைத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்குக் கேட்கும் 'டிஸ்பென்ஸ் வித்' மனுவையும் கூடவே போட வேண்டும். இடைக்கால மனு தனி. அதில் 'தடையை நீக்கு' என்று மட்டும் கேட்பது போதாது.

ஏன் என்பதற்கு விகடன் வழக்கு நல்ல பாடம். 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் இணைய இதழில் ட்ரம்ப் பக்கத்தில் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கும் கார்ட்டூன் வந்தது. பிரச்சினை ஒரு பக்கம், முடங்கியதோ முழுத் தளம். கோபத்தைத் தாண்டி இதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. எச்டிடிபிஎஸ் (குறியாக்கம் செய்த இணைப்பு) தளங்களில் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரிவது டொமைன் பெயர் மட்டும். எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பது குறியாக்கத்துக்குள் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் மறை என்றால் அவர்களால் முடியாது. அது பதிப்பாளரால் மட்டுமே முடியும்.

மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவும் இந்த வழியில்தான் போனது: அந்தக் கார்ட்டூன் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அமைச்சகம் தளத்தைத் திறக்க வேண்டும். ஒரு பக்கத்தை விட்டுக்கொடுப்பது கசக்கும். என்றாலும் மற்ற பக்கங்களெல்லாம் இருட்டில் கிடக்க, அந்த ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இது மேல் என்பதே எங்கள் கருத்து. மனுவிலேயே மாற்று வேண்டுகோளாக இதை எழுதிவையுங்கள்; 'எங்கள் உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்ற சொற்களை மறந்துவிடாதீர்கள்.

நீக்கும்போது அழித்துவிடாதீர்கள். வழக்கே அந்தப் பக்கத்தைப் பற்றியது. அசலை நகலெடுத்து ஹாஷ் எடுத்துவைத்து, அந்த முகவரியில் 451 என்ற நிலைக் குறியீட்டைத் திருப்பி அனுப்பும்படி சர்வரில் அமையுங்கள். சட்டக் காரணத்தால் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கென்றே உள்ள எண் அது. 404 போட்டால் அப்படி ஒரு பக்கமே இருந்ததில்லை என்று ஆகிவிடும்.

வேறு டொமைனில் நகல் தளம் திறக்கும் ஆசை வரும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள். உத்தரவை மீறியதாக அதையே எதிர்த்தரப்பு காட்டும். வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல் முன்பே கையில் இருந்தால் இந்த நாட்களில் அதுவே பெரிய துணை.

உத்தரவு வந்த மறுநிமிடமே தளம் எங்கும் திறந்துவிடாது. அமைச்சகத்திலிருந்து தகவல் போய், ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். பழைய எக்செல்லையே திறந்து, அதே ஊர்களில், அதே நெட்வொர்க்குகளில் மறுபடி பார்த்து வாருங்கள். எங்காவது இன்னும் திறக்கவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு நீதிமன்றம் தந்த சான்றிட்ட நகலை இணைத்து எழுதி, அமைச்சகத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள்.