புது பிக்கப் வண்டியில் கேட்ட கீச்சொலியும் அதன் காரணத்தைக் கண்டுபிடித்த விதமும்

வாங்கி நான்கு மாதம்கூட நிறைவடையாத, 2,300 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருந்த எங்கள் பிக்கப் வண்டியில், ஒரு மாலை வீட்டு வாசலுக்குள் திருப்பும்போது குருவிக்குஞ்சு கத்துவது போன்ற மெல்லிய ஒலி கேட்டது. வண்டி நின்றதும் அது நின்றுவிட்டது. மீண்டும் நகர்த்தியபோது மீண்டும் வந்தது. வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டினால் டயர் இரைச்சலில் அமுங்கிவிடும் அளவுக்கு மெலிதான ஒலிதான் என்றாலும், புது வண்டியில் காரணம் தெரியாத ஒலியை வைத்துக்கொண்டு பாரம் ஏற்றிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுசென்றபோது அவர்கள் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "புது வண்டி சார், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை முன் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கியிருந்த சிறு கல்லை எடுத்தார்கள். கல் இருந்தது உண்மை, ஆனால் ஒலிக்குக் காரணம் அது அன்று. 400 கிலோ ஏற்றினால் ஒலி வெகுவாகக் குறைகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் பட்டைகள்தாம் உராய்கின்றன" என்று முடிவு செய்து பாரத்தைத் தாங்கும் அடுக்குப் பட்டைகளான பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகளுக்கு உராய்வைக் குறைக்கும் மருந்து அடித்தார்கள். அடுத்த நாள் காலையிலேயே கீச்சொலி மறுபடி வந்துவிட்டது. அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூடிய கண்ணாடியோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் இந்த ஒலி யார் காதுக்கும் எட்டாது என்பதை நான்தான் முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அதன்பின் நானே முறையாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு நீண்ட மதில்சுவரை ஒட்டி, இருபக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, நடை வேகத்தில் ஓட்டினேன். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி வண்டியின் அடிப்பகுதியில் நடப்பதைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது. கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டபோதும் ஒலி மாறாமல் தொடர்ந்ததால், எஞ்சினையும் பெல்ட்டுகளையும் பட்டியலிலிருந்து நீக்கினேன். இடமும் வலமும் வளைத்து ஓட்டியபோது வேறுபாடு இல்லை. வீல் பேரிங் கெட்டிருந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது ஒலி கூடியோ குறைந்தோ இருக்கும். பிரேக்கை மெல்ல மிதித்தபோதும் மாற்றம் இல்லை. மேடு பள்ளம் இல்லாத வழவழப்பான தரையிலும் ஒரே தாளத்தில் ஒலி வந்ததால், லீஃப் ஸ்பிரிங் என்ற முடிவையும் என்னால் ஏற்க முடியவில்லை. பட்டை உராய்ந்தால் வண்டி குலுங்கும்போதுதானே ஒலிக்க வேண்டும்?

அந்தத் தாளம்தான் வழியைத் திறந்துவிட்டது. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது ஒரு சுற்று சுற்றி மீண்டும் தரையைத் தொடும் தூரத்தை அளந்தேன்: 2.2 மீட்டர். அதாவது, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று சுற்றும். சக்கரத்திலோ பிரேக்கிலோ கோளாறு இருந்தால் பெரும்பாலும் நொடிக்கு ஒரு கீச்சு கேட்க வேண்டும். எனக்கோ நாலைந்து கேட்டது. ஆகவே தரையில் 22 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, சக்கரம் சரியாக 10 சுற்று சுற்றும் அந்தத் தூரத்தை முதல் கியரில் கடந்தேன். தம்பி கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தபடியே பின் சக்கரத்தின் அருகில் கூடவே நடந்துவந்தான். பதிவை வேகம் குறைத்து ஓடவிட்டு, இருவரும் தனித்தனியே எண்ணினோம். இருவருக்கும் 41 வந்தது.

வண்டியின் கையேட்டை எடுத்துப் பார்த்தால், பின் அச்சின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்று இருந்தது. சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.1 முறை சுற்றுகிறது. பத்துச் சுற்றுக்கு 41. ஷாஃப்ட் ஒரு முறை சுற்றினால் ஒரு கீச்சு என்று கணக்கு அப்படியே பொருந்தியது.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் யூ-ஜாயின்ட் இருக்கிறது. பின் அச்சு மேலும் கீழும் அசையும்போது ஷாஃப்ட் கோணம் மாறியபடியே சுற்றுவதற்கு வழிசெய்வது அதுதான். கோணம் கூடக்கூட, அதன் நான்கு கால்களின் முனைகளிலும் மாட்டியிருக்கும் குப்பிகளுக்குள் உள்ள, ஊசி போன்ற மெல்லிய உருளைகளால் ஆன ஊசி பேரிங்குகள் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக முன்னும் பின்னும் அசைய வேண்டியிருக்கும். பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் தணிந்து, எங்கள் வண்டியில் ஷாஃப்ட் ஏறக்குறைய நேராகிவிடுகிறது. ஒலி குறைந்ததற்கு அதுவே காரணம். பட்டைகளைக் குற்றம் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட அதே தடயம் உண்மையில் கிராஸைத்தான் காட்டியது.

மூன்றாம் முறை சென்றபோது ஒலிப்பதிவையும் இந்தக் கணக்கையும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் பதிவை இரண்டு முறை கேட்டுவிட்டு, சக்கரங்கள் தொங்கும் லிஃப்டில் ஏற்றினால் ஷாஃப்டின் கோணமே மாறிவிடும் என்று சொல்லி, வண்டி தன் கால்களிலேயே நிற்கும் ராம்பில் ஏற்றச் சொன்னார். கையால் ஷாஃப்டைத் திருகிப் பார்த்தபோது துளியும் ஆட்டம் இல்லை. முந்தைய இரு முறையும் எவர் கண்ணிலும் படாமல் போனதற்கு இது போதுமான காரணம். பிறகு டார்ச் வெளிச்சத்தில் பின் கிராஸைக் காட்டினார். மூன்று குப்பிகளின் விளிம்பில் கிரீஸ் பூத்த ஈரம் தெரிந்தது. நான்காவதின் ரப்பர் சீலைச் சுற்றி மட்டும் குங்குமத்தைத் தூவியதுபோல மெல்லிய செந்துரு படிந்திருந்தது. அந்தச் சீலின் ஓரத்தில் எண்ணெய் பீய்ச்சிவிட்டு வண்டியை நகர்த்தியதும் கீச்சொலி நின்றது. சிறிது தூரம் போனதும் திரும்பி வந்தது. அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

கழற்றுவதற்கு முன், ஷாஃப்டும், அதை போல்ட்டால் பூட்டும் தட்டான அச்சின் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் அடையாளக் கோடு இழுத்தார். பழைய நிலையிலேயே திரும்பப் பூட்டாவிட்டால் சமநிலை கெட்டு அதிர்வு வரக்கூடும். குப்பிகளைப் பிடித்து நிறுத்தும் வளையங்களான சர்க்ளிப்புகளை எடுத்துக் குப்பியை வெளியே தள்ளியபோது, உள்ளே ஊசிகள் உலர்ந்து, செம்பொடியில் புரண்டு கிடந்தன. கிராஸின் அந்தக் காலில் ஊசிகள் அழுத்திய தடங்கள் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்குக் கோடு கோடாகப் பதிந்திருந்தன. மற்ற மூன்றிலும் கிரீஸ் நிறைவாக இருந்ததால், பூட்டும்போதே இந்த ஒன்றில் விடுபட்டிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று தோன்றுகிறது.

கிராஸ் முழுவதும் வாரன்டியில் மாற்றித் தரப்பட்டது. ஒவ்வொரு முறையும் புகாரையும் அன்றைய கிலோமீட்டரையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நகலை வாங்கி வைத்திருந்ததால் இதில் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அன்று மாலை, வெறும் வண்டியாக, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அதே மதில்சுவரை ஒட்டி இரண்டு முறை போய்வந்தோம். டயர் மண்ணை நெரிக்கும் ஒலி மட்டுமே கேட்டது. 500 கிலோமீட்டர் ஓடியபின் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அதையும் பார்த்தாயிற்று, ஒன்றுகூடத் தளரவில்லை.