கோதுமைக்கு யூரியா: இரண்டாம் தவணையில் சொதப்பிய கதை

மூன்று ரகக் கோதுமை, ஒவ்வொன்றிலும் யூரியா போட்டது மூன்று வாளி, போடாதது மூன்று. ஆக 18 வாளியையும் போன வாரம் அறுத்தாகிவிட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில் கோதுமையா என்று சிரித்தவர்களுக்கு ஒரு கைப்பிடி மணியைக் காட்டலாம். ஆனால் எந்த ரகம் யூரியாவை நன்றாகப் பயன்படுத்தியது என்று கேட்டால் பதில் இல்லை. காரணம் ஒரு ஊசிக்குழாய்.

வாளியின் வாய் 30 செ.மீ. ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் என்று கணக்கிட்டால் வாளிக்கு 0.7 கிராம். யூரியாவில் 46 சதவீதம்தான் நைட்ரஜன், ஆக 1.54 கிராம் யூரியா, இரண்டு தவணையாக 0.77. சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே எதையும் காட்டாது. அதனால் 77 கிராமை 5 லிட்டரில் கரைத்து, ஊசிக்குழாயால் வாளிக்கு 50 மில்லி ஊற்றினேன். கரைக்கும்போது பாத்திரம் ஜில்லென்று ஆகும், பயப்பட வேண்டாம். யூரியா கட்டி தட்டியிருந்தால் எடையில் ஈரமும் சேர்ந்துவிடும். கடைக்காரர் மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் விற்பது எனக்கு வந்தபோது பாதி கல்.

இதுவரை சரி. மீதிக் கரைசலைப் பாட்டிலில் மூடி வைத்து, இரண்டாம் தவணைக்கு 25ஆம் நாள் திறந்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா! மண் ஒட்டிய ஊசிக்குழாயையே திரும்பத் திரும்பப் பாட்டிலில் விட்டிருக்கிறேன். மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி உள்ளே போய் யூரியாவைச் சிதைத்துவிட்டது. அதையே ஊற்றித் தொலைத்தேன். காற்றில் எவ்வளவு போனது, வாளிக்கு எவ்வளவு சேர்ந்தது, யாருக்குத் தெரியும்?

மளிகைக்கடை இந்தியக் கோதுமையில் யூரியா போட்ட 3 வாளியில் 21 கிராம் மணி, போடாத மூன்றில் 9. கூடுதல் 12 கிராம். அதை 2.1 கிராம் நைட்ரஜனால் வகுத்தால் 5.7 வரும், அதாவது ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 5.7 கிராம் கூடுதல் மணி. அந்த 2.1ஐத்தான் இப்போது நம்ப முடியவில்லை.

சம்பா கோதுமை நெட்டை. உரம் போட்ட வாளிகளில் மட்டும் கதிர் கனத்துச் சாய்ந்தது. ஜிங்க் கூரைக்குக் கீழே வைத்தும் சாரல் விடவில்லை. மூன்றாவது, ரொட்டிச் சாமான் கடையில் வாங்கிய முழுக்கோதுமை. அது குளிர்கால ரகமாக இருக்க வேண்டும். பல வாரம் குளிர் படாமல் அந்த இனம் கதிர் விடாது. கரும்பச்சையாகப் புல் மாதிரி தூர் கட்டி நின்றது, மணி பூஜ்யம். ஆனால் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது அதுதான். நைட்ரஜனை இழுப்பது ஒரு திறன், இழுத்ததை மணியாக்குவது வேறு திறன். 1982இல் மோல், கம்பிராத், ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மக்காச்சோளத்தில் இப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். மணியை மட்டும் நிறுத்தால் முதல் பாதி கண்ணில் படவே படாது. வைக்கோலையும் காயவைத்து நிறுத்திருக்க வேண்டும். நானோ பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

கடை மணியில் ரகப் பெயர் கிடையாது என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஐயா பார்த்துவிட்டு, “செம்பனைக்குக் கிலோ கணக்குல போட்டோம், நீ சொட்டு மருந்து விடுற. யூரியாவை மேலாக விட்டா ஆவியாப் போயிடும் தம்பி, அம்மோனியம் சல்பேட் போடு” என்றார். அதில் நைட்ரஜன் 21 சதவீதம். 5 லிட்டருக்கு 169 கிராம். இந்த முறை ஒவ்வொரு தவணைக்கும் புதுக் கரைசல், பாட்டிலுக்குத் தனிக் குழாய். புதுக் குழாய் 3 வெள்ளி, வாங்கி வைத்துவிட்டேன். வாளிக்கான மணல்தான் இன்னும் கழுவவில்லை.