வாய்ச்சொல்லில் போன ஊர், எழுத்தில் வந்த நுனாவுட்

கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுய்ட் மக்கள் போராடிப் பெற்ற ஆட்சிப்பகுதி நுனாவுட். இனுய்ட் தலைவர் ஜான் அமகோவாலிக்கை 'நுனாவுட்டின் தந்தை' என்பார்கள். பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு அவர் செய்த வேலையைப் பார்த்தால், பாதிக்கு மேல் வரைபடமும் ஒப்பந்த வாசகமும்தான். இந்த எழுத்துப் பிடிவாதத்துக்கு வேர் அவருடைய ஐந்தாறு வயதில் இருக்கிறது.

1953இல் கனடா அரசு, வடக்கு கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து ஏழு இனுய்ட் குடும்பங்களை 'சி.டி. ஹவ்' என்ற கப்பலில் ஏற்றியது. கடுங்குளிர் பழகியவர்கள் துணைக்கு வேண்டுமென்று பாண்ட் இன்லெட்டிலிருந்து இன்னும் மூன்று குடும்பங்கள். போகிற இடத்தில் வேட்டை செழிப்பாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். குடும்பங்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் இறக்கப் போகிறார்கள் என்பது கப்பலில்தான் தெரிந்தது. அமகோவாலிக்கின் குடும்பம் இறங்கிய ரெசொலூட் பே, சொந்த ஊரிலிருந்து ஏறத்தாழ 2,000 கி.மீ. வடக்கே. இனுய்ட் மொழியான இனுக்டிடூட்டில் அதன் பெயர் கௌசுயிட்டுக், விடியல் இல்லாத இடம். நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் தலைகாட்டும். பெர்ரிப் பழமும் பறவை முட்டையும் கிடைத்த ஊரிலிருந்து வந்தவர்கள், இருட்டில் பனிக்கடல் மேல் சீல் வேட்டையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கஸ்தூரி எருதைச் சுடச் சட்டத்தில் தடை. முதலில் கூடாரமும் பனிவீடும்தான். பிறகு விமானத்தளக் குப்பைமேட்டில் கிடைத்த பலகைகளைப் பொறுக்கி வந்து வீடு கட்டினார்கள்.

திரும்பும் வாக்கு நிறைவேறவில்லை. கேட்கலாம் என்றால், கையில் காட்ட ஒரு தாள்கூட இல்லை. 1990இல் அரசு அமர்த்திய ஆய்வு, தவறு எதுவும் நடக்கவில்லை என்று எழுதியது. 1994இல் அரச ஆணையம் அதை ஏற்கவில்லை. 1996இல் ஒரு கோடி டாலர் அறக்கட்டளை நிதி வந்தது, மன்னிப்பு வரவில்லை. மன்னிப்பு வந்த நாள் 2010 ஆகஸ்ட் 18. கப்பல் கிளம்பி 57 ஆண்டுகள்.

நில உரிமைப் போராட்டம் வரைபடத்திலிருந்து தொடங்கியது. 1971இல் உருவான கனடா இனுய்ட் டாபிரிசாட் அமைப்பு, 1970களில் ஊர் ஊராக ஆள் அனுப்பி வேட்டைக்காரர்களை உட்கார வைத்தது. தன் வாழ்நாளில் எங்கே கரிபு மான் பிடித்தார், எங்கே சீல், எங்கே நரிக்குப் பொறி வைத்தார் என்று ஒவ்வொருவரும் வரைபடத்தில் கோடு போட்டார். அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது ஆளில்லா நிலம் என்ற பேச்சு அடிபட்டுப் போனது. கடற்பனி மேலும் கோடுகள் ஓடியதால், கரையோடு உரிமை முடியவில்லை என்பதும் பதிவானது. அந்த ஆய்வு 1976இல் வெளியானது. அமகோவாலிக் 1980களில் இருமுறை அந்த அமைப்பின் தலைவராக இருந்தார்.

1993 மே 25 அன்று, இன்றைய நுனாவுட் தலைநகரான இகாலுயிட்டில் கையெழுத்தான நுனாவுட் ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது, தனி ஆட்சிப்பகுதிக்கு வாக்குத் தந்த நான்காம் பிரிவு. நில உரிமை வேறு, தனி ஆட்சிப்பகுதி வேறு என்று பிரித்துப் பேசவே மத்திய அரசு நெடுங்காலம் விரும்பியது. பிரித்திருந்தால் நிலத்துக்குக் கையெழுத்து வாங்கியதும் ஆட்சிப்பகுதி கிடப்பில் போயிருக்கும் என்பது என் கணிப்பு. இனுய்ட் தரப்பு இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டது. 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் பிறந்தது.

பதிலுக்கு விட்டுக்கொடுத்ததும் பெரிது. சுமார் 20 லட்சம் சதுர கி.மீ. மீதான பூர்வகுடி நில உரிமை போனது. கிடைத்தது: ஏறத்தாழ 3,50,000 சதுர கி.மீ. நிலம், 14 ஆண்டுகளில் 114.8 கோடி டாலர். அந்த நிலத்திலும் அடியிலுள்ள கனிமம் சேர்ந்து வந்தது பத்தில் ஒரு பங்குக்குத்தான். அரசு நிலத்தில் கிடைக்கும் கனிம உரிமத்தொகையில், ஆண்டுதோறும் முதல் 20 லட்சம் டாலரில் பாதி, அதற்கு மேல் 5 சதவீதம்.

வாசகம் தளர்ந்த இடத்தில் ஒப்பந்தமும் தளர்ந்தது. அரசு வேலைகளில் இனுய்ட் மக்கள், மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கின்படி இருக்க வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. பங்கு ஏறத்தாழ 85 சதவீதம். ஆனால் எந்த ஆண்டுக்குள் என்று எழுதவில்லை. வேலையிடங்களில் பாதி அளவிலேயே நின்றது. ஒப்பந்தத்தைக் காக்கும் நுனாவுட் டுங்காவிக் அமைப்பு 2006இல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, 2015இல் 25.55 கோடிக்குச் சமரசம்.

புது அரசை வடிவமைத்த ஆணையத்துக்கு அமகோவாலிக் தலைவர். தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு உறுப்பினர் வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1997 மே மாத வாக்கெடுப்பில் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்களே நாற்பது சதவீதத்துக்குக் கீழ். திட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் மனிடோக் தாம்சன். 1999 தேர்தலில் 19 இடங்களில் வென்ற ஒரே பெண் அவர்தான்!

அதே ஆணையம் அரசுத் துறைகளை இகாலுயிட்டில் குவிக்காமல் பத்து ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் சொன்னது. நல்ல யோசனை, ஆனால் வேலைக்கு வருகிறவருக்குத் தங்க வீடு வேண்டுமே. ஊர்களை இணைக்கச் சாலையே கிடையாது. சிமெண்ட், மரம், ஜன்னல், கொதிகலன் எல்லாம் கோடையில் பனி விலகும் சில மாதங்களில் கப்பலில் வர வேண்டும். பட்டியலில் ஒரு குழாய் இணைப்பு விடுபட்டால், விமானத்தில் கொள்ளைச் செலவில் வரவழைக்க வேண்டும், இல்லையேல் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். வீடு இல்லாததால் காலியாகவே கிடக்கும் பணியிடங்கள் இன்றும் உண்டு.

அரசு நிலமும் கனிமமும் 1999க்குப் பிறகும் ஒட்டாவா கையில்தான் இருந்தன. அவற்றை நுனாவுட்டிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2024 ஜனவரி 18 அன்று இகாலுயிட்டில் கையெழுத்தானது. அதில் கெடு எழுதியிருக்கிறது: 2027 ஏப்ரல் 1.