எந்தப் பக்கத்துச் செய்தி?

செய்தி மேசையில் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பக்கம் தானாக நிரம்பிவிடும். மரக்கன்று நடும் படம், ஓவியப் போட்டி, உறுதிமொழி. மறுநாள் அந்த வாடையே இருக்காது.

உதவி ஆசிரியராக இருந்தபோது ஒரு பிரஸ் நோட்டுக்கு 'நிலையான வளர்ச்சிக்குக் கல்வி' என்று தலைப்பு வைத்தேன். காலையில் பேப்பரைப் பிரித்தால், செய்தி வணிகப் பக்கத்தில், வட்டி விகிதத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது! லேஅவுட் போட்டவரைச் சொல்லிக் குற்றமில்லை. பொருளாதாரம் சீராக வளர்ந்தாலும் 'நிலையான வளர்ச்சி' என்றுதானே எழுதுகிறோம்? 'வளங்குன்றா வளர்ச்சி' என்றால் பொருள் பளிச்சென்று விளங்கும். ஆனால் ஒரு பத்தி அகலத் தலைப்பில் அடங்காது. 'பாடப்புத்தகத் தமிழ்' என்று மேலே இருந்தவர்களும் அடித்துவிடுவார்கள்.

வருங்காலத் தலைமுறையின் தேவைக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவையை நிறைவு செய்வது என்று ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987-இல் இந்த வளர்ச்சிக்குச் சொன்ன விளக்கம் ஒரே வரிதான். அந்த வரி என் செய்திப் பிரதியிலும் கடைசிப் பத்தியில் இருந்தது. 2005 முதல் 2014 வரை ஐ.நா. இதற்கென்றே ஒரு கல்விப் பத்தாண்டு அறிவித்ததும், இந்த வளர்ச்சிக்கென 2015-இல் ஏற்ற 17 இலக்குகளில் நான்காவதான கல்விக்குள் 4.7 என்று இதற்குத் தனி எண் கொடுத்ததும் அங்கேதான் இருந்தன. இரவு விளம்பரம் ஒன்று வந்தது. செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவோம். வெட்டியது நானேதான்.

பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டு விஷயத்தைத் தேடத் தொடங்கினேன். அது தினமும் வந்துகொண்டுதான் இருந்தது: குப்பைக் கிடங்கில் தீ, வலையில் மீன் குறைவு, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. எழுதியவர்கள் யாருக்கும் இவை ஒரே கதை என்று தோன்றவில்லை. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

ஒருநாள் 'புதிய ஆழ்துளைக் கிணறு திறப்பு' என்று நான்கு வரி வந்தது. "பழைய கிணறு ஏன் வற்றியது?" என்று நிருபரைக் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது திறப்பு விழா கடைசி வரிக்கு இறங்கியிருந்தது. நீர்மட்டம் இறங்கிய கதை மேலே வந்திருந்தது.

அது வெளியான அன்று ஓர் ஆசிரியை போன் செய்தார். செய்தியை வகுப்பில் வாசித்தாராம். நிலத்தடி நீர்மட்டத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம், போடுவீர்களா?

போட்டோம். மூன்று மாதம் கழித்து, விளம்பரம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை.