கோள் என்று இன்னும் எழுதவில்லை

மார்ச் 3, 2025, திங்கள்

விண்மீன்களின் ஒளி மங்குவதை வைத்து அவற்றின் கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் தரவுகளில் ஒரு விண்மீன் கண்ணில் பட்டிருக்கிறது. ஏறத்தாழ எட்டு நாளுக்கு ஒரு முறை அதன் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு குறைகிறது. சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சூரியனை ஒத்த விண்மீன் என்பதால் கணக்கு எளிது. குறுக்கே போவது கோள்தான் என்றால், அது நெப்டியூனைவிடச் சற்றுச் சிறியது. நம் சூரியனை யாராவது தொலைவிலிருந்து பார்த்தால், வியாழன் கடக்கும்போது நூற்றில் ஒரு பங்கு ஒளி குறையும். பூமி கடந்தால் பத்து லட்சத்தில் 84 பங்குதான்.

மாணவி கோப்புக்குக் ‘கோள்’ என்று பெயர் வைத்திருந்தாள். ‘சரிவு’ என்று மாற்றச் சொன்னேன். அவளுக்கு அதில் விருப்பமில்லை.

மார்ச் 5, புதன்

இன்று முழுவதும் அந்தச் சரிவைக் கொல்வதற்கான வேலை. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்விநாடி அகலம் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி). அவ்வளவு இடத்துக்குள் பல விண்மீன்கள் ஒன்றாகக் கலந்துவிடும். பின்னணியில் எங்கோ மங்கலான இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம். அந்த ஆழமான மறைப்பு, நம் விண்மீனின் பிரகாசத்தோடு கலந்து, கோளின் அளவுக்குச் சுருங்கித் தெரியும்.

அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றைப்படைச் சரிவுகளும் இரட்டைப்படைச் சரிவுகளும் ஒரே ஆழமா? வேறுபட்டால் உண்மையான சுற்றுக்காலம் பதினாறு நாள்; இரு விண்மீன்கள் மாறிமாறி மறைக்கின்றன. சரிவின் அடி தட்டையாக இருக்கிறதா, கூராக இருக்கிறதா? கூராக இருந்தால் சந்தேகம் கூடும். ஒளி குறையும் நேரத்தில் ஒளியின் மையம் பிக்சலுக்குள் நகர்கிறதா? நகர்ந்தால் குற்றவாளி பக்கத்து விண்மீன்.

மூன்றிலும் தப்பித்துவிட்டது. எனக்கு இன்னும் திருப்தி இல்லை. அடுத்த சரிவின்போது தரைத் தொலைநோக்கியால் பார்த்து, மங்குவது இந்த விண்மீன்தானா என்று உறுதிசெய்ய வேண்டும்.

மார்ச் 8, சனி

பழைய கதை ஒன்றைத் தேடிப் படித்தேன். 1855இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகத்திலிருந்து கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் பாதையில் பிசிறு இருப்பதாகவும், அதற்குக் காரணம் ஒரு கோளாக இருக்க மிகுந்த வாய்ப்பு இருப்பதாகவும் எழுதினார். அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். அதே நூற்றாண்டின் இறுதியில் சீ என்ற அமெரிக்கர் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டு என்று மீண்டும் வாதிட்டார். அப்படியொரு மூவர் கூட்டம் நிலைக்காது என்று 1899இல் மோல்ட்டன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

ஜேக்கப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். கண்ணால் பார்த்து, திருகு திருகி அளந்த இடைவெளிகளை வைத்துக்கொண்டு ‘வாய்ப்பு’ என்று மட்டும் எழுதிய மனிதர் அவர்.

மார்ச் 12, புதன்

பர்னார்டு விண்மீனைச் சுற்றி நான்கு சிறு கோள்கள் என்ற கட்டுரை நேற்று வெளியாகியிருக்கிறது. நான்கும் பூமியைவிட எடை குறைந்தவை. எல்லாமே ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகின்றன. ஒரு கோளைக் கடந்த அக்டோபரிலேயே வேறொரு குழு அறிவித்திருந்தது. ஆறு ஒளியாண்டுத் தொலைவில், அதாவது பக்கத்து வீட்டில்!

1963இல் வான் டி காம்ப் இதே விண்மீனுக்கு வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்றை அறிவித்தார். பல பத்தாண்டு ஒளிப்படத் தகடுகளின் உழைப்பு அது. அவர் கண்ட அசைவு தொலைநோக்கியின் லென்ஸைச் சரிசெய்த காலத்தோடு ஒத்துப்போனது பின்னர் தெரிந்தது. அவர் சொன்ன கோள் இல்லை. வேறு கோள்கள் இருக்கின்றன. இதை அவருடைய வெற்றி என்று சொல்லத் தொடங்கிவிடுவார்களோ என்று எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

சரிவு வரவேண்டிய இரவு. மேகம்.

மார்ச் 22, சனி

இந்த முறை வானம் தெளிவு. மங்கியது நம் விண்மீன்தான். பக்கத்தில் இருப்பவற்றின் ஒளி மாறவில்லை.

இனி எடை. கோள் இழுக்க விண்மீன் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தை நிறமாலைக் கோடுகளின், அதாவது விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே தெரியும் கருங்கோடுகளின், நகர்வில் அளக்க வேண்டும். 1995இல் மேயரும் கெலோவும் 51 பெகாசி என்னும் விண்மீனில் கண்டது விநாடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல். சூரியனை வியாழன் அசைப்பது விநாடிக்கு 12.5 மீட்டர், பூமி அசைப்பது 9 சென்டிமீட்டர். என் விண்மீனில் நான் எதிர்பார்ப்பது மூன்று மீட்டர் அளவு. இன்றைய கருவிகளுக்கு அது எட்டும்.

சிக்கல் கருவியில் இல்லை. இந்த விண்மீன் தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ 24 நாள் எடுக்கிறது. அதன் முகத்தில் இருக்கும் கரும்புள்ளிகளும் நிறமாலைக் கோடுகளை அசைக்கும். அந்த அசைவு 24 நாளில் மட்டுமல்லாமல் அதன் பாதியிலும் மூன்றில் ஒரு பங்கிலும் தெரியும். மூன்றில் ஒரு பங்கு எட்டு நாள்! ஆல்ஃபா சென்டாரி பி என்னும் விண்மீனைச் சுற்றுவதாக 2012இல் அறிவித்த கோளும், அளவீடுகளைச் செய்த இரவுகளின் இடைவெளி உண்டாக்கிய மாயம் என்று 2015இல் வேறொரு குழு காட்டியது.

ஒரு துணை இருக்கிறது. கோள் எந்த மணிக்கு முன்னால் கடக்கிறது என்று தெரியும். தள்ளாட்டமும் அந்த மணியோடு ஒத்துப்போக வேண்டும். புள்ளிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மார்ச் 26, புதன்

தொலைநோக்கி நேரத்துக்கான விண்ணப்பம் போய்விட்டது. தொடர்ச்சியாகச் சில இரவுகள் கேட்டால் கிடைப்பது எளிது என்றார் உடன் பணிபுரிபவர். அவர் சொல்வது சரி. ஆனால் அது எனக்குப் பயன்படாது. விண்மீன் பல முறை சுழல வேண்டும், புள்ளிகள் பிறந்து மறைய வேண்டும், எட்டு நாள் தாளம் மட்டும் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குச் சிதறிய இரவுகளாகவே கேட்டிருக்கிறேன். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுவேன்.